கேளுங்க, சொல்றேன்: ஜெனீவாவிலும் ஆடிட் உண்டு

போன மாதம் ஒரு வாசகர், "ஐ.நா. சபையில் திருநங்கைகளைப் பற்றியெல்லாம் பேசுவார்களா?" என்று அஞ்சலட்டையில் கேட்டிருந்தார். இடம் இல்லாததால் "பேசுவாங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அதற்குக் கோபித்துக்கொண்டு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. அதனால் இந்த மாதம் பி.எஃப்., மாமியார், மூட்டுவலிக் கேள்விகளுக்கெல்லாம் லீவு.

ஜெனீவாவில் இவர்களுக்கென்றே தனியாக ஓர் அதிகாரியை நியமித்திருக்கிறார்களாமே, அவரால் என்ன செய்துவிட முடியும்?
— ஒரு வாசகர், ஈரோடு

அதிகாரி என்று சொல்லாதீங்க. அவருக்கு அதிகாரமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. 'சுயேச்சை நிபுணர்' என்று பெயர். பாலீர்ப்பையும் (யார் மேல் ஈர்ப்பு என்பது) பாலின அடையாளத்தையும் (தன்னை ஆணாக, பெண்ணாக, வேறாக உணர்வது) காரணம் காட்டி எங்கே யாரை அடிக்கிறார்கள், ஒதுக்குகிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. 2016 ஜூன் 30 அன்று, ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் ஓட்டெடுத்து இந்தப் பதவியை உண்டாக்கினார்கள். ஆதரித்தவை 23 நாடுகள், எதிர்த்தவை 18. எந்தப் பக்கமும் சேராமல் இருந்தவை 6, அதில் நம் நாடும் ஒன்று. முதலில் வந்தவர் தாய்லாந்துக்காரர் விடிட் முந்தர்போன். அப்புறம் கோஸ்டாரிகாவின் விக்டர் மாட்ரிகல்-போர்லோஸ், 2023 முதல் தென்னாப்பிரிக்காவின் கிரேம் ரீட். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதவியை நீட்டிக்க மறுபடி ஓட்டு, மறுபடி சண்டை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை நான் ஒரே சொல்லில் விளக்கிவிடுவேன்: ஆடிட். வரவு செலவு பார்க்கிற ஆடிட் இல்லைங்க. துணி வாங்கும் பையர் ஆள் அனுப்பி, குழந்தைத் தொழிலாளி உண்டா, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளமா என்று பார்க்கிற ஆடிட். 24 வருடம் பனியன் கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் பார்த்தவள் நான். எஸ்.ஏ.8000 என்று ஒரு தரச்சான்று உண்டு. சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிற அதே வரியில் பாலீர்ப்பும் வரும். அந்த விதிகளைத் தமிழில் எழுதி போர்டில் மாட்ட வேண்டும் என்றார்கள். யாரோ மொழிபெயர்த்து, எங்கள் போர்டில் 'பாலியல் திசை' என்று அச்சாகி வந்தது. கட்டிங் மாஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் மேடம், இது வாஸ்துங்களா?" என்றார்.

அந்தக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஒருவர் இருந்தார். ரிஜிஸ்டரில் ஆண் பெயர். மெதுவாக முடி வளர்த்து, சின்னதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார். அவர் கைக்கு வந்த பீஸில் ஓட்டை, தையல் விட்டது, எண்ணெய்க் கறை என்று ஒன்றும் தப்பாது. பேச்சே இல்லாமல் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒட்டித் தள்ளிக்கொண்டிருப்பார். ஆடிட்டுக்கு முந்தின சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அதை நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

'அது.' ஆட்டுக்குட்டியைக்கூட 'வாங்க, போங்க' என்கிற ஊர் என்று நம்மைக் கேலி செய்வார்கள். அந்த ஊரில்தான் அவர் ஒருவருக்கு மட்டும் 'ங்க' இல்லாமல் போயிற்று.

போய்ச் சொன்னது நான்தான். "சரிங் மேடம், சம்பளம் புடிப்பீங்களா?" என்று கேட்டார். புடிக்க மாட்டாங்க என்றேன். பிடித்தார்கள். மறுநாள் ஆடிட்டர் அந்த வரிக்கு நேரே டிக் போட்டுவிட்டுப் போனார். ரிஜிஸ்டர் சுத்தம், போர்டு சுத்தம். யாரைப் பார்க்க வேண்டுமோ அவர் வீட்டில்.

ஜெனீவா நிபுணருக்கும் இதே கதைதான். அரசாங்கம் கூப்பிட்டால்தான் ஒரு நாட்டுக்குள் ஆய்வுக்கு வர முடியும். கூப்பிடாவிட்டால் கடிதம் எழுதலாம், அறிக்கை தரலாம். வருடத்துக்கு ஒன்று ஜெனீவாவில், ஒன்று நியூயார்க்கில்.

ஆனால் ஆடிட்டில் இல்லாத ஒரு வழி அங்கே உண்டு. 2008 முதல் எல்லா நாட்டையும் நாலு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உட்கார வைத்து, மற்ற நாடுகள் கேள்வி கேட்கின்றன. மொத்தம் மூன்றரை மணி நேரம். இந்தியா 2008, 2012, 2017, 2022 என நான்கு முறை உட்கார்ந்தாயிற்று. மேசைக்கு மூன்று காகிதங்கள் போகும். ஒன்று அரசாங்கம் எழுதுவது. இன்னொன்று ஐ.நா. அமைப்புகள் ஏற்கனவே எழுதியவற்றின் தொகுப்பு. மூன்றாவது, சங்கங்களும் அமைப்புகளும் வெளியிலிருந்து அனுப்பியதன் சுருக்கம். ஒரு சங்கம் தனியாக அனுப்பினால் 2,815 வார்த்தைதான், அதற்கு மேல் வாங்க மாட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் சேர்ந்து அனுப்பினால் 5,630. லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் உள்ளே நுழைய இருக்கிற கதவு அந்த மூன்றாவது காகிதம். எங்கள் ஆடிட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த டிக் நின்றிருக்காது.

ஐ.நா. சொன்னதைக் கேட்காவிட்டால் இந்தியாவைத் தண்டிக்க முடியுமா?
— ஒரு வாசகி, கரூர்

முடியாதுங்க.

இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். ஒரே பால் உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவை எடுக்கலாமா என்று பாருங்கள் என்று 2012-இல் கேட்டார்கள், எடுத்தேவிடுங்கள் என்று 2017-இல் கேட்டார்கள். பரிந்துரையை ஏற்கிறோம் என்று சொல்லலாம், அல்லது 'நோட்டட்' என்று சொல்லலாம். இரண்டு தடவையும் நம் பதில் 'நோட்டட்'. எங்கள் மேனேஜரும் ஆடிட்டர் சொன்னதற்கெல்லாம் "நோட்டட் சார்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் குடிமை, அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தின்படி இன்னொரு கமிட்டியும் நாட்டைக் கூப்பிட்டு விசாரிக்கும். அதில் நம் நாடு 1997-இல் உட்கார்ந்தது. அடுத்து உட்கார்ந்தது 2024 ஜூலையில். 27 வருடம். திருப்பூரில் எந்த பையர் அப்படிப் பொறுப்பான், சொல்லுங்க.

நான் நேராக ஜெனீவாவுக்குப் புகார் எழுதலாமா? ஊர் பேர் மட்டும் போடுங்கள்.
— சிங்காநல்லூர்

வழக்கு மாதிரி போட்டுத் தீர்ப்பு வாங்க முடியாது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன ஒப்பந்தத்தில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. ஆனால் தனி ஆள் புகார் செய்யலாம் என்கிற கூடுதல் ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. பெண்கள் உரிமை ஒப்பந்தத்திலும் அதே நிலைமை.

சேர்ந்த நாட்டில் என்ன நடக்கும் என்றால், ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா மாநிலத்தில் மட்டும் ஒரே பால் உறவு குற்றமாகவே இருந்தது. நிக்கலஸ் டூனன் என்பவர் 1991-இல் கமிட்டிக்கு எழுதினார். இது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 1994-இல் கமிட்டி சொன்னது. மாநிலம் முரண்டு பிடித்து, 1997-இல் சட்டத்தை எடுத்தது. இன்னும் கிட்டத்தில் வேண்டுமா, இலங்கை. கொழும்பைச் சேர்ந்த ரோசன்னா ஃபிளேமர்-கல்டேரா பெண்கள் உரிமைக் கமிட்டிக்குப் போனார். பெண்ணை விரும்பும் பெண்ணைக் குற்றவாளியாக்கும் சட்டம் ஒப்பந்த மீறல் என்று 2022-இல் முடிவு வந்தது. அந்தக் கமிட்டி அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. மறுநாளே இலங்கைச் சட்டம் மாறிவிடவில்லை. மாற்றுவதற்கு ஒரு மசோதா வந்தது, அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொழும்புப் பெண்ணுக்கு உள்ள கதவு கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு இல்லை என்பது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

உங்களுக்கு இருக்கிற வழி, சுயேச்சை நிபுணருக்கு எழுதுவது. அதற்கு நாடு எதிலும் சேர்ந்திருக்கத் தேவையில்லை. நடந்தது என்ன, எந்தத் தேதி, எந்த இடம், யார், நீங்கள் உள்ளூரில் யாரிடம் போனீர்கள், என்ன பதில் வந்தது, எல்லாம் வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். உண்மை என்று அவருக்குப் பட்டால் அரசாங்கத்துக்குக் கடிதம் போகும். 60 நாளில் பதில் வந்தாலும் வராவிட்டாலும், அதற்கப்புறம் அந்தக் கடிதம் ஊரறிய வெளியாகும். தமிழில் எழுத முடியாது, ஆங்கிலம் தெரிந்த வக்கீலையோ சங்கத்தையோ பிடியுங்கள். உள்ளூரில் ஒரு மனுகூடக் கொடுக்காமல் எழுதினால் மேலே எழுத உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

அக்கா, என் பையனுக்கு 22 வயசு. ஒரு பையனைத்தான் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டான். கோயம்புத்தூரில் மாற்றிவிடும் டாக்டர் இருக்கிறார் என்று என் நாத்தனார் சொல்கிறார். கோயிலில் கயிறும் கட்டியாச்சு. கூட்டிப்போகட்டுமா?
— ஓர் அம்மா, பவானி

வேண்டாம் அம்மிணி. கயிறு இருந்துட்டுப் போகட்டும், அதனால் ஒருத்தருக்கும் கெடுதல் இல்லை. டாக்டர்தான் வேண்டாம்.

இது நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு மருந்து என்று எவராவது சொன்னால் அவர் உங்கள் பயத்துக்கு பில் போடுகிறார். ஷாக் கொடுப்பது, மயக்க மருந்து, அடைத்து வைத்துப் புத்தி சொல்வது என்று உலகம் முழுக்க என்னென்ன செய்கிறார்கள் என்று மாட்ரிகல்-போர்லோஸ் 2020-இல் ஓர் அறிக்கையே எழுதினார். சிலவற்றைச் சித்திரவதை என்றே சொல்ல வேண்டும், எல்லா நாடும் தடை செய்ய வேண்டும் என்றார். நம் பக்கம், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'மாற்றுகிறேன்' என்கிற வைத்தியம் கூடாது என்று உத்தரவு போட்டார். தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதிய தீர்ப்பு அது. அவ்வளவு படித்தவருக்கே புரியவில்லை, உங்களுக்குப் புரியாததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்படி வைத்தியம் பார்க்கும் டாக்டர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

பையன் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான் பாருங்க, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, அம்மாவிடம் சொல்ல முடியாதவர்கள் எழுதுவது. பெண் பார்ப்பது, ஜாதகம், சீர் என்று பேச்சு எடுக்காமல் ஆறு மாதம் விடுங்கள். சாப்பிட்டானா என்று மட்டும் கேளுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டுகிற சமாச்சாரம். நம் மண்ணுக்கு ஒத்துவராது.
— பெரியவர் ஒருவர், தாராபுரம்

ஐயா, வெள்ளைக்காரன் கட்டியது 377-வது பிரிவு. 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தோடு வந்தது. அதைத்தான் 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த பெரியவர்களைப் பொறுத்த மட்டில் செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் இறக்கி வைத்தது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. இன்னும் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குற்றமாக இருக்கிறது, அதில் நிறைய இடத்தில் அதே பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் மிச்சம். உங்கள் கோபம் சரிதான், ஆள்தான் மாறிவிட்டது.

ஜெனீவாவில் எழுதுகிற காகிதத்தால் தமிழ்நாட்டில் ஒருவருக்காவது சோறு கிடைத்ததா?
— சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

நல்ல கேள்வி, தம்பி. நேராகக் கிடைக்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் வந்தது.

2006 நவம்பரில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் சட்ட வல்லுநர்கள் சிலர் கூடி, ஏற்கனவே இருக்கிற மனித உரிமைச் சட்டம் பாலினச் சிறுபான்மையினருக்கு எப்படிப் பொருந்தும் என்று 29 கோட்பாடுகள் எழுதினார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர், மேலே சொன்ன விடிட் முந்தர்போன். எந்த அரசாங்கமும் கையெழுத்துப் போடாத காகிதம். யாரையும் கட்டாது. ஆனால் 2014 ஏப்ரல் 15 அன்று, ஆணா பெண்ணா மூன்றாம் பாலா என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் போட்ட வழக்கு) தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். அந்தக் காகிதம் உள்ளே உட்கார்ந்திருக்கும். 2018 தீர்ப்பிலும் இருக்கிறது, கூடவே டாஸ்மேனியாக்காரர் வழக்கும். 2025 மே மாதம், வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணைத் தன் துணையோடு போகவிட்டு, கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே, அதிலும்.

நம்மூர் முந்திக்கொண்ட இடங்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. திருநங்கையர் நல வாரியம் 2008-லேயே வந்தது. உங்கள் சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினி 2015-இல் உயர் நீதிமன்றம் போய், 2017-இல் எஸ்.ஐ. ஆனார். ஆண், பெண் என்று உடலமைப்பில் பிரித்துச் சொல்ல முடியாமல் பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, ஆணாகவோ பெண்ணாகவோ வெட்டித் தைக்கும் ஆபரேஷன் கூடாது என்று மதுரைக் கிளை சொல்லி, 2019 ஆகஸ்டில் அரசாணையும் போட்டாயிற்று. ஐ.நா. கவுன்சில் இடைப்பாலினருக்கென்று முதல் தீர்மானம் போட்டது 2024 ஏப்ரலில். ஐந்து வருடம் பிந்தி.

காவலர் யாரும் பாலினச் சிறுபான்மையினரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலும் அந்த வருடமே அரசிதழில் வந்தது. எங்கள் போர்டில் இருந்த 'திசை'யை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு எழுதுகிறீர்களே, ஐ.நா. எவ்வளவு தருகிறது?
— பெயரில்லா அட்டை, அவிநாசி முத்திரை

நிபுணருக்கே தருவதில்லை. எனக்கு வந்தால் அட்டையில் பின்கோடு போடாமல் அனுப்பிய உங்களுக்கும் ஒரு பங்கு.

நான் திருநங்கை. பனியன் கம்பெனியில் இரண்டு வருடமாகச் செக்கிங். ஆடிட் முடிந்த வாரம் 'இனி வரவேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். கணக்கு முடிக்கக் கையெழுத்து கேட்கிறார்கள். பெயர் போடாதீங்க.
— திருப்பூர்

எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீங்க. தொகையும் தேதியும் எழுதியிருந்தால், படித்துவிட்டு, வாங்கிய பணத்துக்கு மட்டும் போடுங்கள். 'தானாகவே வேலையை விட்டேன்' என்று எங்காவது ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் அடியில் சின்ன எழுத்தில். அது இருந்தால் போடவே வேண்டாம்.

வீட்டில் இருக்கிற சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். நம்பர், ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வரவேண்டாம் என்று சொன்னது யார், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டில் எழுதுங்கள். நாள் போனால் மறந்துவிடும். கம்பெனி போர்டில் பையரின் புகார் நம்பர் ஒட்டியிருக்கும், உள்ளே இருக்கிற தோழி யாரையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஷிப்மென்ட் நிற்குமோ என்கிற பயம் கலெக்டர் மேல் உள்ள பயத்தைவிடப் பெரிசு, என் அனுபவத்தில்.

2019-இல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. 11-வது பிரிவு ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் வேண்டும் என்கிறது. முதல் மனு அவருக்கு. அப்படி ஒருவரே இல்லை என்றால் இன்னும் நல்லது, அதையே அடுத்த மனுவில் எழுதலாம். அது திங்கட்கிழமை, பல்லடம் ரோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில். இன்னொன்று தொழிலாளர் துறைக்கு. எதிலும் இரண்டு காப்பி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். ஒரிஜினல் எதையும் கையைவிட்டு விடாதீங்க, ஜெராக்ஸ் போதும். அந்த முத்திரை விழுந்த காப்பிதான் நாளைக்குக் கோர்ட்டுக்கும் போகும், ஏதாவது சங்கம் எழுதுகிற 2,815 வார்த்தைக்குள்ளும் போகும்.

மனுவை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஆசிரியர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் என் வீட்டுக்கு வழி சொல்வார்கள், மத்தியானத்துக்கு மேல் இருப்பேன். ஒன்றே ஒன்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆதாரில் இருக்கிற பேரைப் போடவா, நீங்கள் வைத்துக்கொண்ட பேரைப் போடவா, நடுவில் 'என்கிற' போட்டு இரண்டையுமா? கடிதத்தில் உங்கள் கையெழுத்தில் முதல் எழுத்து மட்டும்தான் புரிகிறது. மற்றதை அடித்து, மேலே வேறெதோ எழுதி, அதையும் அடித்திருக்கிறீர்கள். வரும்போது எழுதிக் காட்டுங்க.